புகையிலைப் பங்குகளில் டிவிடெண்டு வருமானம்: புதிதாக இறங்குபவர்களுக்கு, படிப்படியாக

டிவிடெண்டுக்காக, அதாவது நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் தொகைக்காக, பங்கு தேடும் எவரும் சீக்கிரமே புகையிலை நிறுவனங்களிடம் வந்து நிற்பார்கள். பெரிய நிறுவனங்களை யீல்டுப்படி (ஆண்டு டிவிடெண்டு பங்கு விலையில் எத்தனை சதவீதம் என்பதுதான் யீல்டு) அடுக்கினால் இவற்றில் சில எப்போதும் மேல் வரிசையில் இருக்கும். சிகரெட் விற்பனை எண்ணிக்கை பல நாடுகளில் குறைந்துகொண்டே போகிறது. ஆனாலும் விலையை ஏற்றி லாபத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். புதிய ஆலைகளுக்குப் பெரிதாகச் செலவில்லை என்பதால் மிஞ்சும் பணம் பங்குதாரர்களுக்குப் போகிறது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

அறிவித்த டிவிடெண்டுக்கும் உங்கள் கணக்கில் வந்து விழும் தொகைக்கும் நடுவே என்னவெல்லாம் நடக்கிறது என்பதைத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. புரோக்கரைக் கேட்டால் வரி ஆலோசகரைக் கேளுங்கள் என்பார்; அவரைக் கேட்டால் அது புரோக்கர் வேலை என்பார். அங்கங்கே பொறுக்கிச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். வேறு நாட்டில் இருந்துகொண்டு இந்தப் பங்குகளை வாங்குபவரை மனதில் வைத்து எழுதியது இது. எந்தப் பங்கை வாங்கலாம் என்ற பரிந்துரை இதில் கிடையாது.

1. மனசாட்சிக் கணக்கை முதலிலேயே முடியுங்கள்

இந்தப் பொருள் ஆளைக் கொல்கிறது. பழக்கத்தை விடாதவர்களில் பாதிப்பேர் வரை அதனாலேயே சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதன் லாபத்தில் பங்கு வேண்டுமா என்பதை வாங்குவதற்கு முன் முடிவு செய்யுங்கள். வாங்கிய பிறகு, விலை இறங்கிய ஒரு நாளில் இந்தக் கேள்வி எழுந்தால் மோசமான விலைக்கு விற்றுவிட்டு வெளியேறுவீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இதில் ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. நார்வே அரசின் முதலீட்டு நிதி 2010-இலேயே புகையிலை உற்பத்தியாளர்களை விலக்கிவிட்டது. இப்படிப் பல பெரிய நிதிகள் இந்தப் பக்கம் வருவதில்லை. யீல்டு உயரமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் ஒரு நாள் திரும்பி வருவார்கள், விலை ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள்.

2. நிறுவனத்தோடு அதன் நாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்

பெரிய பெயர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். ஆல்ட்ரியா, ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல் இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, இம்பீரியல் பிராண்ட்ஸ் இரண்டும் பிரிட்டன். ஜப்பான் டொபாக்கோவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை அரசே வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சிகரெட் செய்யாமல் இலையை மட்டும் வாங்கி விற்கும் யுனிவர்சல் கார்ப்பரேஷன் போன்றவை தனி ரகம்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது முதல் இரண்டில். மார்ல்போரோ இரண்டு நிறுவனங்களுக்கும் பொதுவான பெயர்; அமெரிக்காவுக்குள் விற்பது ஆல்ட்ரியா, வெளியே விற்பது ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல். 2008-இல் பிரிந்தார்கள். ஒன்றின் செய்தியைப் படித்துவிட்டு இன்னொன்றை வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பெயருக்குப் பக்கத்தில் நாட்டை எழுதச் சொல்வது வரிக்காக. அடுத்த படி முழுக்க அதைப் பற்றித்தான்.

3. கையில் வரும் யீல்டைக் கணக்கிடுங்கள்

இணையத்தில் தெரியும் யீல்டு வரிக்கு முந்தையது. வெளிநாட்டவருக்கு டிவிடெண்டு தரும்போது நிறுவனத்தின் நாடு தன் பங்கை முதலிலேயே பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் பொது விதி 30 சதவீதம். நீங்கள் வசிக்கும் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் அது குறையும். பல நாடுகளுக்கு 15, சில நாடுகளுக்கு 25. ஜப்பான், பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு 15.315 சதவீதம் பிடிக்கிறது. பிரிட்டன் சாதாரண நிறுவன டிவிடெண்டில் எதுவுமே பிடிப்பதில்லை.

இதை எண்ணில் பாருங்கள். ஒரு அமெரிக்கப் பங்கின் யீல்டு 7 சதவீதம், ஒரு பிரிட்டன் பங்கின் யீல்டு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் போனால் முதலாவது 4.9 ஆகிவிடும். இரண்டாவது 6 ஆகவே நிற்கும். பட்டியலில் கீழே இருந்தது மேலே வந்துவிட்டது.

கதை இதோடு முடியவில்லை. உங்கள் நாட்டிலும் டிவிடெண்டுக்கு வரி இருக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில், அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் வரி விகிதம் 30, அங்கே பிடித்தது 25 என்றால் இங்கே மீதி 5 கட்டினால் போதும். பிரிட்டன் பங்கென்றால் 30-ஐயும் இங்கேயே கட்டுவீர்கள். மொத்தத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் உங்கள் நாட்டில் வருமான வரியே இல்லை என்றாலோ, உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் வராது என்றாலோ, கழிப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே பிடித்தது முழுவதும் போனதுதான். இவர்களுக்குத்தான் பிரிட்டன் பங்கின் அருமை தெரியும்.

ஆகவே "எது அதிக யீல்டு" என்று யாராவது கேட்டால், நீங்கள் எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

4. ஆவணங்கள்

கணக்குத் திறக்கக் கேட்பவை வழக்கமானவைதான்: பாஸ்போர்ட், அண்மைய முகவரிச் சான்று, உங்கள் நாட்டு வரி அடையாள எண், வங்கிக் கணக்கு அறிக்கை. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சம்பளச் சீட்டோ வரிக் கணக்கோ காட்ட வேண்டும். சிக்கல் வருவது பெயரில். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும், மூன்றாவதில் விரித்து அப்பா பெயராகவும் இருந்தால் விண்ணப்பம் நின்றுபோகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்றவற்றையும் மாற்றிக்கொண்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். முன்னதாகச் செய்தால் ஒரு வேலை, நடுவில் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும்.

அமெரிக்கப் பங்கு வாங்குவதானால் டபிள்யூ-8பென் படிவம் அவசியம். நான் அமெரிக்க வரிதாரர் இல்லை, என் நாட்டு ஒப்பந்தப்படி குறைந்த விகிதம் கேட்கிறேன் என்று சொல்லும் தாள் அது. அமெரிக்க வரித்துறைக்கு அனுப்ப வேண்டியதில்லை, புரோக்கரிடம் கொடுத்தால் போதும். இப்போது பெரும்பாலும் கணக்குத் திறக்கும்போதே திரையில் வந்துவிடுகிறது. வேகமாகத் தட்டிக்கொண்டு போனால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

- 9-ஆம் வரியில் உங்கள் நாட்டின் பெயர் வர வேண்டும். காலியாக விட்டால் ஒப்பந்தச் சலுகை கேட்கவில்லை என்று பொருள். 30 சதவீதம் போகும்.
- 10-ஆம் வரி சிறப்பு நிபந்தனைகளுக்கானது. சாதாரண டிவிடெண்டுக்கு வழக்கமாக அது தேவைப்படுவதில்லை.
- நிரந்தர முகவரியில் தபால் பெட்டி எண் கூடாது.
- தேதியில் மாதம் முதலில், நாள் அடுத்து. ஏப்ரல் 5 என்பது 04-05.
- அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் இதைத் தரவே கூடாது. அவர்களுக்கு டபிள்யூ-9 என்ற வேறு படிவம்.

கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை இது செல்லும். 2025-இல் எந்த மாதம் போட்டிருந்தாலும் 2028 முடியும்போது காலாவதி. புரோக்கர் நினைவூட்டும் மின்னஞ்சல் விளம்பரங்களோடு சேர்ந்து மறைந்துவிடும். உங்கள் நாட்காட்டியில் நீங்களே போட்டு வையுங்கள். வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் காலாவதி வரை காத்திருக்காமல் 30 நாளுக்குள் புதிது கொடுக்க வேண்டும்.

உங்கள் நாட்டு வரித்துறையிடமிருந்து வரி வசிப்பிடச் சான்றிதழ் ஒன்றும் வாங்கி வையுங்கள். வரிக் கழிவு கேட்கும்போது சில இடங்களில் இது இல்லாமல் நகராது. கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள், அந்த வாரத்தில் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

5. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

புரோக்கர் கட்டணம் கண்ணுக்குத் தெரியும், அதனால் அது பெரிய பிரச்சினை இல்லை. நாணய மாற்றுதான் சத்தமில்லாமல் தின்பது. சந்தை விலைக்கும் உங்களுக்குத் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டணம் என்று யாரும் எழுதிக் காட்டுவதில்லை. பணம் அனுப்பும்போது ஒரு தடவை, விற்று எடுக்கும்போது ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் ஒரு தடவை. டிவிடெண்டுக்காகவே வாங்குபவருக்குக் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். டாலரையோ பவுண்டையோ அப்படியே வைத்திருக்க விடும் கணக்கென்றால், மொத்தமாகச் சேர்த்து ஒரே தடவை மாற்றலாம். கணக்குத் திறக்கும் முன் இதைக் கேளுங்கள்.

லண்டனில் பிரிட்டன் நிறுவனப் பங்கு வாங்கினால் 0.5 சதவீதம் முத்திரை வரி. விற்கும்போது கிடையாது. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவை நியூயார்க்கில் ஏ.டி.ஆர். வடிவில் (வெளிநாட்டுப் பங்குக்கு ஈடாக ஒரு வங்கி அமெரிக்காவில் வெளியிடும் சான்று) வாங்கினால் அந்த 0.5 இல்லை, ஆனால் ஏ.டி.ஆரை நிர்வகிக்கும் வங்கி ஒவ்வொரு பங்குக்கும் சிறு தொகை கழிக்கும். பிரிட்டன் வரி பூஜ்யம் என்பது ஏ.டி.ஆரிலும் மாறாது. நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு லண்டன், அடிக்கடி வாங்குபவருக்கு நியூயார்க் என்பது என் கணிப்பு. உங்கள் புரோக்கரின் கட்டணப் பட்டியல் இதைத் தலைகீழாக்கலாம்.

டோக்கியோவில் குறைந்தபட்சம் 100 பங்குகள். ஒன்றிரண்டு வாங்கிப் பார்க்கலாம் என்று போகிறவர்களுக்கு அங்கே பொதுவாக வழி இல்லை.

6. டிவிடெண்டு தாங்குமா என்று பாருங்கள்

அவசரப்படாமல் நேரம் செலவிட வேண்டிய படி இது. லாபத்தில் எத்தனை சதவீதம் டிவிடெண்டாகப் போகிறது என்று பெரும்பாலான தளங்கள் காட்டும் விகிதம், அறிக்கையில் வரும் லாபத்தை வைத்துப் போட்டது. புகையிலை நிறுவனங்களில் அந்த லாபம் சில ஆண்டுகளில் நிஜத்தைக் காட்டுவதில்லை.

ஆல்ட்ரியா 2018 டிசம்பரில் 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூல் என்ற மின்சிகரெட் நிறுவனத்தில் 35 சதவீதம் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மதிப்பைப் பெருமளவு குறைத்து எழுத வேண்டிவந்தது. 2019-இல் ஆண்டுக் கணக்கு நஷ்டத்தில் முடிந்தது. டிவிடெண்டோ அந்த ஆண்டும் ஏறியது. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ 2023 டிசம்பரில், அமெரிக்க சிகரெட் பிராண்டுகளின் மதிப்பிலிருந்து சுமார் 2,500 கோடி பவுண்டைக் குறைத்து எழுதப் போவதாக அறிவித்தது. அந்த ஆண்டும் கணக்கில் நஷ்டம், டிவிடெண்டு மட்டும் ஒழுங்காக வந்தது. காரணம், இரண்டிலும் அந்த ஆண்டு பணம் வெளியே போகவில்லை, ஏட்டில்தான் குறைந்தது. அதற்காக இப்படிக் குறைத்து எழுதுவதை அலட்சியம் செய்யவும் முடியாது. முன்பு அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்வதுதான் அது.

ஆண்டறிக்கையில் பணப் பாய்வு அறிக்கையைத் திறங்கள். தொழிலிலிருந்து வந்த பணத்திலிருந்து ஆலை, இயந்திரம் போன்ற மூலதனச் செலவைக் கழியுங்கள். மீதியில் எத்தனை சதவீதம் டிவிடெண்டாகப் போகிறது என்று பாருங்கள். 70, 80 என்பது இந்தத் துறையில் சாதாரணம். 100-ஐத் தாண்டினால் கையிருப்பிலிருந்தோ கடன் வாங்கியோ தருகிறார்கள் என்று அர்த்தம். ஐந்து ஆண்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் போதும். அதே இடத்தில் கடன் எவ்வளவு என்பதையும் பாருங்கள். வட்டிக்குப் போகும் பணம் டிவிடெண்டுக்கு வராது.

வெட்டவே மாட்டார்கள் என்ற நம்பிக்கை வேண்டாம். 2020 மே மாதம் இம்பீரியல் பிராண்ட்ஸ் டிவிடெண்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2021-இல் ஜப்பான் டொபாக்கோவும் குறைத்தது. இம்பீரியல் விஷயத்தில் வெட்டுக்கு முன்பே யீல்டு இரட்டை இலக்கத்துக்கு ஏறியிருந்தது. சந்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது. யீல்டை மட்டும் பார்த்தவர்களுக்கு அது மலிவு விலையாகத் தெரிந்தது. ஒரே துறையில் ஒரு பங்கு மட்டும் மற்றவற்றைவிட மிக உயர்ந்த யீல்டு காட்டினால், ஏன் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் வாங்காதீர்கள்.

வழக்குகளும் சட்டங்களும் தனிக் கதை. கனடாவில் மூன்று பெரிய குழுமங்களின் துணை நிறுவனங்கள் 3,250 கோடி கனடிய டாலர் தரும் தீர்வுக்கு 2025 மார்ச்சில் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. பணம் பல ஆண்டுகளில் போகும் என்பதால் டிவிடெண்டு அன்றே நிற்கவில்லை. சட்டம் எந்தத் திசையிலும் திரும்பலாம்: 2009-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சிகரெட் விற்பனையே கூடாது என்று நியூசிலாந்து 2022-இல் சட்டம் போட்டது, 2024-இல் புதிய அரசு அதை ரத்து செய்தது. ஒரு தலைப்புச் செய்தியைப் பார்த்து வாங்குவதும் விற்பதும் இந்தத் துறையில் வீண் வேலை. ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் போடாமல் இருப்பதுதான் இதற்குப் பரிகாரம்.

7. தேதிகள்

எக்ஸ்-டிவிடெண்டு தேதி என்பது, அன்று முதல் வாங்குபவருக்கு அந்தத் தவணை டிவிடெண்டு கிடைக்காத நாள். அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். எக்ஸ் தேதியன்றே வாங்கினால் அந்தத் தவணை விற்றவருக்குப் போகும். அமெரிக்காவில் 2024 மே 28 முதல் வாங்கிய அடுத்த வர்த்தக நாளிலேயே செட்டில்மென்ட் (பங்கும் பணமும் கைமாறுவது) முடிவதால், எக்ஸ் தேதியும் ரெக்கார்டு தேதியும் (பங்குதாரர் பட்டியலைப் பார்க்கும் நாள்) பொதுவாக ஒரே நாள்தான். பழைய கட்டுரைகளில் இரண்டும் வேறு வேறு என்று இருக்கும், நம்பாதீர்கள்.

எக்ஸ் தேதிக்கு முதல் நாள் வாங்கி, டிவிடெண்டை வாங்கிக்கொண்டு விற்றுவிடலாமே என்ற யோசனை எல்லாருக்கும் ஒரு தடவை வரும். எக்ஸ் தேதியன்று காலை விலை ஏறக்குறைய டிவிடெண்டு அளவுக்கு இறங்கித்தான் திறக்கும். வரியும் கட்டணமும்தான் மிச்சம்.

ஆல்ட்ரியாவும் ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் தருகின்றன. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். இம்பீரியல் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். சேர்த்து வைத்தால் மாதாமாதம் ஏதாவது வரும், பார்க்க அழகாக இருக்கும். ஜப்பான் டொபாக்கோ ஆண்டுக்கு இரண்டு தடவைதான். மாதக் கட்டத்தை நிரப்புவதற்காகவே ஒரு நிறுவனத்தை வாங்குவது மட்டும் வேண்டாம்.

8. வாங்கும் நாள்

லண்டன் பங்கு விலைகள் பவுண்டில் அல்ல, பென்னியில் காட்டப்படும். 3,000 என்று தெரிந்தால் அது 30 பவுண்டு. முதல் முறை பார்க்கும்போது நூறு மடங்கு தவறாகக் கணக்கிட இதுவே போதும். டிவிடெண்டு அறிவிப்பும் பென்னியில்தான் வரும். சில தளங்கள் ஒன்றைப் பவுண்டிலும் மற்றதைப் பென்னியிலும் எடுத்துக்கொண்டு அபத்தமான யீல்டைக் காட்டும்.

அப்போதைய சந்தை விலை எதுவானாலும் வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், இதற்கு மேல் தரமாட்டேன் என்று விலை குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களைத் தவிருங்கள். வாங்கியதற்குப் புரோக்கர் தரும் ஒப்பந்தச் சீட்டைப் பதிவிறக்கி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து விற்கும்போது வாங்கிய விலை, அன்றைய நாணய மதிப்பு இரண்டும் கேட்பார்கள்.

9. முதல் டிவிடெண்டு வந்ததும்

அறிக்கையைத் திறந்து மூன்று எண்களைப் பாருங்கள்: மொத்தத் தொகை, பிடித்த வரி, கையில் வந்தது. ஒப்பந்த விகிதத்துக்குப் பதில் 30 சதவீதம் போயிருந்தால் உடனே புரோக்கரிடம் சொல்லுங்கள். அதே ஆண்டுக்குள் என்றால் அவர்களே சரிசெய்ய வாய்ப்புண்டு. ஆண்டு முடிந்துவிட்டால் நீங்கள் அமெரிக்க வரித்துறையிடம் 1040-என்ஆர் என்ற வரிக் கணக்குப் படிவம் தாக்கல் செய்து திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். சின்னத் தொகைக்கு அந்த அலைச்சல் கட்டுபடியாகாது.

அமெரிக்க டிவிடெண்டையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் 1042-எஸ் என்ற தாள் ஆண்டுக்கு ஒருமுறை வரும், மார்ச் நடுவில் எதிர்பாருங்கள். அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. உங்கள் நாட்டு வரி ஆண்டு வேறு மாதத்தில் தொடங்கினால் அந்த மொத்தத்தை அப்படியே எழுத முடியாது. தவணை வாரியாகப் பிரித்து, அந்தந்தத் தேதியின் நாணய மதிப்பில் மாற்ற வேண்டும். வரும்போதே ஓர் எக்செல் தாளில் குறித்துக்கொண்டால் வரி நேரத்தில் தலைவலி இல்லை. டிவிடெண்டைத் தானாக மறுமுதலீடு செய்யும் வசதியைப் போட்டிருந்தாலும் அது வருமானம்தான், வரி உண்டு. வெளிநாட்டுச் சொத்து என்று தனியாகக் காட்ட வேண்டிய நாடுகளில், வருமானமே வராத ஆண்டிலும் காட்ட வேண்டியிருக்கலாம்.

10. வாரிசுகளுக்கு

அமெரிக்காவில் வசிக்காத, அந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒருவர் இறக்கும்போது, அவர் பெயரில் உள்ள அமெரிக்க நிறுவனப் பங்குகளும் மற்ற அமெரிக்கச் சொத்துகளும் சேர்ந்து 60,000 டாலரைத் தாண்டினால், அந்நாட்டு மரபுரிமை வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். விகிதம் 40 சதவீதம் வரை போகும். ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனலின் சிகரெட் அமெரிக்காவுக்கு வெளியே விற்றாலும் நிறுவனம் அமெரிக்காவுடையது, ஆகவே இந்தக் கணக்கில் வரும். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நியூயார்க்கில் வாங்கியிருந்தாலும் அமெரிக்க நிறுவனம் அல்ல, இதில் வராது. பிரிட்டன் பங்குகளுக்கு அந்த நாட்டின் சட்டம் தனி, அங்கே அடிப்படை வரம்பு 3,25,000 பவுண்டு. சில நாடுகள் அமெரிக்காவோடு இதற்கென்றே தனி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வரம்பு தாண்டினால் வாரிசுகள் ஒன்பது மாதத்துக்குள் 706-என்ஏ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். சொத்தை வாரிசு பெயருக்கு மாற்றலாம் என்று அமெரிக்க வரித்துறை தரும் சான்றிதழ் கைக்கு வரும்வரை புரோக்கர் கணக்கைத் திறந்துவிட மறுக்கலாம், அதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்ப முடியாது. ஆகவே புரோக்கரின் பெயர், கணக்கு எண், எந்த நாட்டுப் பங்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் அந்தத் தாளைத் திருத்துங்கள்.